யார் பார்க்கலாம், யார் நகர்த்தலாம், யார் மாற்றலாம்: இணைய மேசை விளையாட்டில் சொந்தக் காய்களும் அனுமதிகளும்

உங்கள் கேள்வியை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன். கட்டம் போட்ட வரைபடத்தில் பாத்திரங்களை நகர்த்தும் ஓர் ஆட்டத்தை நீங்களே உருவாக்கியிருக்கிறீர்கள். இடையில் ரகசியச் சீட்டுகளும் உண்டு. காய்களுக்கான படங்கள் தயார். ஆனால் இணையத்தில் எல்லோரும் சேர்ந்து ஆடும்போது ஒருவர் இன்னொருவருடைய காயைத் தெரியாமல் இழுத்துவிடுகிறார். ரகசியம் சில சமயம் வெளியே தெரிந்துவிடுகிறது. சரி, எல்லாவற்றையும் பூட்டிவிடலாம் என்று பூட்டினால் ஒவ்வொரு அசைவுக்கும் உங்களைக் கூப்பிடுகிறார்கள், ஆட்டம் நகரவே மாட்டேன் என்கிறது. "எந்த அனுமதியை யாருக்குக் கொடுப்பது?" என்று கேட்டிருக்கிறீர்கள். எந்த மென்பொருள் என்று சொல்லவில்லை. அதனால் எல்லாவற்றுக்கும் பொதுவானதை முதலில் சொல்லிவிட்டு, அதிகம் பேர் பயன்படுத்தும் சிலவற்றுக்கு அப்புறம் வருகிறேன்.

அனுமதி என்ற ஒரே பெயரில் மூன்று விஷயங்கள் கலந்து கிடக்கின்றன. ஒரு காயைப் பார்ப்பது ஒன்று. அதை நகர்த்துவது இன்னொன்று. அதன் பெயர், படம், அளவு, உயிர்ப்புள்ளி (பாத்திரத்துக்கு மிச்சம் இருக்கும் உயிரைக் காட்டும் எண்) இவற்றைத் திருத்துவது, தேவைப்பட்டால் நீக்குவது, இது மூன்றாவது. பல வருஷமாக இப்படிப்பட்ட ஆட்டங்களை நடத்துகிறேன், மற்றவர்களுக்கு அமைத்தும் தருகிறேன். அனுமதிச் சிக்கல் என்று என்னிடம் வருவதில் பெரும்பாலானவை, இந்த மூன்றில் ஒன்றைத் தடுக்கப் போய் மற்ற இரண்டையும் சேர்த்து அடைத்ததால் வந்தவை. உங்கள் சிக்கலும் அதுதான் என்று நினைக்கிறேன். காயை இழுப்பதைத் தடுக்க நினைத்தீர்கள், அதோடு சேர்த்து உயிர்ப்புள்ளியைக் குறைக்கும் வழியையும் மூடிவிட்டீர்கள்.

எதையும் பூட்டுவதற்கு முன் ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: இந்தத் தடை கைதவறலைத் தடுக்கவா, ரகசியத்தைக் காக்கவா? இரண்டுக்கும் மருந்து வேறு. கைதவறி நகர்ந்த காயைத் திரும்ப வைத்துவிடலாம். ஏறக்குறைய எல்லா மென்பொருளிலும் முந்தைய நிலைக்குத் திரும்பும் வசதி இருக்கிறது. அது இல்லாவிட்டாலும் "அந்த வில்லாளி மூன்றாவது கட்டத்தில் இருந்தான்" என்று யாராவது சொல்லிவிடுவார்கள். ஆனால் ஒருமுறை கண்ணில் பட்ட சீட்டை யாராலும் மறக்க வைக்க முடியாது. எனவே நகர்த்துவதில் தாராளமாக இருங்கள், காட்டுவதில் கறாராக இருங்கள். என் அமைப்புகள் எல்லாம் இந்த ஒரே கணக்கில்தான் ஓடுகின்றன. ஏமாற்றுபவரைத் தடுப்பது என்ற மூன்றாவது காரணமும் உங்களுக்குத் தோன்றலாம். தெரிந்தவர்களுக்குள் ஆடும் ஆட்டத்தில் அதற்காக அமைப்பைக் கட்டாதீர்கள். ஏமாற்ற நினைக்கும் ஒருவரைத் தடுக்க நீங்கள் போடும் ஒவ்வொரு பூட்டும், ஒழுங்காக ஆடும் மற்ற எல்லோருடைய கையையும் சேர்த்துக் கட்டும்.

இனி காய்கள். அனுமதிக்கும் காயின் வடிவமைப்புக்கும் என்ன தொடர்பு என்று தோன்றலாம். நெருங்கிய தொடர்பு இருக்கிறது. தவறான காயை இழுப்பது பெரும்பாலும் அது யாருடையது என்று பார்த்தவுடன் தெரியாததால் நடக்கிறது. வரைபடம் முழுவதும் திரையில் தெரியும்படி சுருக்கிப் பார்க்கும்போது ஒரு காய் கட்டைவிரல் நகம் அளவுக்குத்தான் இருக்கும். அந்த அளவில் முகம் தெரியாது, கவசத்தில் நீங்கள் வரைந்த வேலைப்பாடு தெரியாது. தெரிவது வெளிக்கோடும் நிறமும் மட்டும். ஆகவே ஒவ்வொரு ஆட்டக்காரரின் காய்களுக்கும் விளிம்பில் தடிமனான ஒரு வளையம், ஆளுக்கொரு நிறம், அதோடு ஒரு எண்ணோ குறியோ போடுங்கள். நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாதவர்கள் நாம் நினைப்பதை விட அதிகம், பலர் அதை வெளியே சொல்வதும் இல்லை. ஒருவருக்கு வட்டம், இன்னொருவருக்கு அறுகோணம் என்று வடிவத்திலும் வேறுபாடு காட்டினால் பாதிக் கைதவறல் அங்கேயே நின்றுவிடும், ஒரு பூட்டும் தேவைப்படாது.

படத்தின் அளவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சொந்தமாக வரைந்தவர்கள் பெரும்பாலும் தேவைக்கு மேல் பெரிய படத்தை ஏற்றிவிடுகிறார்கள். 4096-க்கு 4096 பிக்சல் உள்ள ஒரு படம், கோப்பாகப் பார்த்தால் சில மெகாபைட்தான். ஆனால் சுருக்கம் எதுவும் இல்லாமல் கணினியின் வரைகலை நினைவகத்தில் விரியும்போது பிக்சலுக்கு 4 பைட் கணக்கில் 64 மெகாபைட் ஆகிறது. இப்படி இருபது படம் வைத்தால், பழைய கணினி வைத்திருக்கும் நண்பருக்குக் காய்கள் வெள்ளையாகவே நிற்கும், அல்லது ஆட்டமே நின்றுவிடும். ஒரு கட்டத்தில் நிற்கும் காய்க்கு 256 பிக்சல் போதும், நன்றாகப் பெரிதாக்கிப் பார்ப்பார்கள் என்றால் 512. உலாவியில் ஓடும் இணைய மேசை மென்பொருள்களான ரோல்20-இல் ஒரு கட்டம் வழக்கமாக 70 பிக்சல், ஃபவுண்ட்ரியில் 100. இதை வைத்தே எவ்வளவு தேவை என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம். பெரிய படத்தை வரைபடத்துக்கும் சீட்டுத் தாளுக்கும் (பல சீட்டுகளை ஒரே படத்தில் அடுக்கியது) மிச்சம் வையுங்கள்.

ரகசியம் கசியும் இடங்களில் நிறைய பேர் கவனிக்காதது காயின் பெயர். டேபிள்டாப் சிமுலேட்டரில் (முப்பரிமாண மேசையில் காய்களைக் கையாள விடும் மென்பொருள்) ஒரு பொருளின் மேல் சுட்டியை வைத்தால் நீங்கள் கொடுத்த பெயர் மிதந்து வரும். கவிழ்த்து வைத்த வில்லைக்கு "ஒற்றன்" என்று பெயர் வைத்தால் கவிழ்த்து வைத்ததில் அர்த்தமே இல்லை. கவிழ்ந்திருக்கும்போது பெயரை மறைக்க அதில் ஒரு தேர்வு இருக்கிறது. ஒவ்வொரு ரகசியக் காயிலும் அது போடப்பட்டிருக்கிறதா என்று தனித்தனியாகப் பாருங்கள். உலாவியில் ஓடும் மென்பொருள்களில் இதே கசிவு கோப்பின் பெயர் வழியாக வரும். மாறுவேடத்தில் இருக்கும் அரசனின் படக்கோப்புக்கு "மாறுவேட அரசன்" என்று பெயர் வைத்திருந்தால், படத்தின் முகவரியைப் பார்ப்பவருக்குக் கதை முடிந்தது. கோப்புகளுக்கு வெறும் எண்களாகப் பெயர் வைத்து, எந்த எண் எது என்ற பட்டியலை உங்களிடம் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் பின்பக்கம். எல்லாச் சீட்டுக்கும் ஒரே பின்பக்கப் படம்தான் இருக்க வேண்டும். ஒவ்வொரு சீட்டுக்கும் தனிப் பின்பக்கம் வைக்கும் முறையில், ஒரே ஓவியத்தைப் பலமுறை ஒட்டினால்கூட வெட்டும் ஓரத்திலோ படச் சுருக்கத்திலோ நுணுக்கமான வேறுபாடு வந்துவிடும். கூர்ந்து பார்ப்பவருக்கு அது குறி வைத்த சீட்டுதான்.

டேபிள்டாப் சிமுலேட்டரில் சீட்டுத் தாள் 10 நிரல், 7 நிரை வரை போகலாம், ஆக 70 கட்டம். ஆனால் சீட்டு 69 என்று வைத்துத் திட்டமிடுங்கள். வலது கீழ் மூலையில் இருக்கும் கடைசிக் கட்டம், உங்கள் கையில் இருக்கும் சீட்டை மற்றவர் பார்க்கும்போது தெரியும் மறைப்புப் படத்துக்கு ஒதுக்கப்பட்டது. அதற்குப் பதில் பின்பக்கப் படத்தையே மறைப்பாகப் பயன்படுத்தவும் சொல்லலாம். இது தெரியாமல் எழுபதாவது சீட்டை அங்கே வைத்தவர்களுக்கு, மற்றவர் கையில் இருக்கும் எல்லாச் சீட்டும் அந்த ஒரே சீட்டாகத் தெரியும். வடிவமைப்பும் அனுமதியும் ஒரே கட்டத்தில் சந்திக்கும் இடம் இது. 4096-க்கு 4096 தாளில் ஒரு சீட்டுக்கு ஏறத்தாழ 409-க்கு 585 பிக்சல் கிடைக்கும். சாதாரண விளையாட்டுச் சீட்டின் 63-க்கு 88 மில்லிமீட்டர் விகிதத்துக்கு இது மிக அருகில் வருவதால் படம் பெரிதாகக் கோணாது.

அதே மென்பொருளில் காய் செய்ய எளிய வழி, பின்னணி நீக்கிய பிஎன்ஜி படத்தை டோக்கனாக (தட்டையான காயாக) ஏற்றுவது. படத்தின் ஒளிபுகும் பகுதியை விட்டுவிட்டு வெளிக்கோட்டையே காயின் வடிவமாக அது வெட்டிக்கொள்ளும். முப்பரிமாண உருவம் வேண்டுமென்றால் ஓபிஜே கோப்பு. உருவத்தோடு, மோதலைக் கணக்கிட எளிமையான இன்னொரு வடிவத்தையும் கொடுப்பது நல்லது. வாளும் இறக்கையும் நீட்டிக்கொண்டிருக்கும் உருவங்கள் அப்போதுதான் பக்கத்துக் காயை இடித்துத் தள்ளாமல் நிற்கும். எந்தப் படமாக இருந்தாலும் உங்கள் கணினியில் உள்ள கோப்பின் முகவரியைக் கொடுத்தால் உங்களுக்கு மட்டும்தான் தெரியும், ஸ்டீம் என்ற விளையாட்டுக் கடையின் மேகச் சேமிப்பில் ஏற்றினால் மற்றவருக்கும் போகும். கணக்கு இல்லாமல் ஏதோ ஒரு படத் தளத்தில் போட்டுவிட்டு இணைப்பைக் கொடுப்பது நிலைக்காது. இம்கர் தளம் 2023 மே மாதம் முதல், எந்தக் கணக்கோடும் சேராத பழைய படங்களை நீக்க ஆரம்பித்தபோது அப்படிப் போட்ட காய்ப் படங்களும் காணாமல் போகும் நிலை வந்தது. மூலப் படங்களின் ஒரு பிரதி எப்போதும் உங்களிடமே இருக்கட்டும்.

சரி, டேபிள்டாப் சிமுலேட்டரில் அனுமதி எப்படி? அங்கே முதலில் புரிந்துகொள்ள வேண்டியது, காய்க்குச் சொந்தக்காரர் என்ற ஏற்பாடு இயல்பாக அதில் கிடையாது. ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்தவர்கள் எதை வேண்டுமானாலும் எடுக்கலாம் என்ற நினைப்பில்தான் அது கட்டப்பட்டிருக்கிறது. ஆட்டக்காரர் ஒரு நிறத்தில் உட்காருகிறார். கையில் இருக்கும் சீட்டும் மறைப்பு மண்டலமும் (உள்ளே வைத்தது மற்றவருக்குத் தெரியாத பகுதி) அந்த நிறத்தோடு சேர்ந்தவை. கறுப்பு நிற இருக்கை ஆட்டத்தை நடத்துபவருக்கு, சாம்பல் வேடிக்கை பார்ப்பவருக்கு. கறுப்பில் உட்கார்ந்தவருக்கு மறைத்து வைத்தவையும் தெரியும். ஆகவே நீங்களும் ஓர் ஆட்டக்காரராக ஆடும் நாளில் அந்த இருக்கையில் உட்கார வேண்டாம், வேறு யாரையும் உட்கார விடவும் வேண்டாம். மேசையைக் கவிழ்ப்பது, வரைவது, கவிழ்ந்த சீட்டைத் தூக்கி எட்டிப் பார்ப்பது போன்றவற்றுக்குத் தனித்தனி அனுமதிகள் அமைப்புப் பக்கத்தில் உண்டு. ஹோஸ்டுக்கும் (ஆட்ட அறையைத் திறந்தவர்) அவர் உயர்த்திவிட்டவருக்கும் அவை கட்டுப்பாடு ஆகாது. மேசையைக் கவிழ்ப்பதையும் எட்டிப் பார்ப்பதையும் முதலில் அணைத்துவிடுங்கள். ஆட்டத்துக்கு எட்டிப் பார்ப்பது தேவை என்றால் அந்தச் சீட்டைக் கைக்கு எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைக்கச் சொல்லலாம், எல்லோருக்கும் அது தெரியவும் செய்யும்.

வரைபடம், பலகை, மதிப்பெண் தட்டு இவை நகரக் கூடாதவை. எல் விசையை அழுத்தினால் பூட்டு விழும். அதே விசையை மறுபடி அழுத்தினால் திறந்துவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். இது கைதவறலுக்கான பூட்டு மட்டுமே, அந்த வேலைக்கு அது அருமையாகப் போதும். யாருமே தொடக் கூடாது என்றால் லுவா மொழியில் எழுதும் ஸ்கிரிப்டில் (சிறு நிரலில்) அந்தப் பொருளின் இன்டராக்டபிள் என்ற பண்பை அணைக்க வேண்டும். ஆட்டம் ஒவ்வொரு முறை ஏற்றப்படும்போதும் ஸ்கிரிப்ட் இதை மறுபடி சொல்ல வேண்டும், ஒருமுறை சொன்னால் அது சேமிப்பில் தங்காது. ஒவ்வொருவரும் தன் நிறக் காயை மட்டும்தான் எடுக்க வேண்டும் என்றால் அதற்கும் ஸ்கிரிப்ட்தான் வழி. யாரோ ஒரு பொருளை எடுக்க முயலும்போது எந்த நிறம், எந்தப் பொருள் என்று ஸ்கிரிப்டுக்குச் செய்தி வரும். பொருந்தவில்லை என்றால் அந்தச் செயலை மறுக்கலாம். பத்து இருபது வரிகளில் முடியும் வேலை. ஆனாலும் இதை முதலில் செய்யாதீர்கள் என்பதே என் கருத்து. காய்கள் கட்டத்தில் தானாகப் பொருந்தி நிற்கும்படி வைத்து, வளையமும் எண்ணும் போட்டு ஒரு வாரம் ஆடிப் பாருங்கள். அதற்குப் பிறகும் தவறான இழுப்பு தொடர்ந்தால் அப்போது ஸ்கிரிப்ட் எழுதலாம். "என் முறை வரும்வரை என் காயைக் கொஞ்சம் நகர்த்திவிடு" என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வதும் ஆட்டத்தின் இயல்பான பகுதி, ஸ்கிரிப்ட் அதையும் சேர்த்துத் தடுத்துவிடும்.

ஃபவுண்ட்ரியும் ரோல்20-யும் இதற்கு நேர் எதிரான நினைப்பில் கட்டப்பட்டவை. அங்கே காய் என்பது ஒரு பாத்திரத்தின் நிழல், அனுமதி பாத்திரத்தின் மேல் இருக்கிறது. ரோல்20-இல் ஒரு டோக்கன் (வரைபடத்தில் நிற்கும் காய்) ஒரு பாத்திரத்தைக் குறிக்கிறது என்று இணைத்துவிட்டால், அதை யார் நகர்த்தலாம் என்பதை அந்தப் பாத்திரத்தின் பக்கத்தில் நீங்கள் எழுதிய பெயர்கள்தான் முடிவு செய்யும். ஆகவே காய்க்குக் காய் அனுமதி கொடுத்துக்கொண்டிருக்க வேண்டாம், பாத்திரத்துக்கு ஒருமுறை கொடுங்கள். டோக்கனின் மேல் உயிர்ப்புள்ளி போன்ற எண்களைக் காட்டும் மூன்று பட்டைகள் வைக்கலாம். ஒவ்வொன்றையும் மற்றவர் பார்க்கலாமா, திருத்தலாமா என்று தனியாகச் சொல்லலாம். பார்ப்பதும் திருத்துவதும் வேறு வேறு என்று நான் மேலே சொன்னதை இவ்வளவு வெளிப்படையாக எடுத்து வைத்த அமைப்பு வேறு அதிகம் இல்லை. ஒரு எச்சரிக்கை: உயிர்ப்புள்ளிப் பட்டையைப் பாத்திரத்தின் எண்ணோடு இணைப்பது ஒரே ஒரு நபராக இருக்கும் கதாநாயகர்களுக்கு மட்டும். ஒரே பாத்திரத்திலிருந்து எட்டு காவலர்களை நிறுத்திவிட்டு இணைப்பையும் விட்டுவைத்தால் ஒருவனை அடிக்கும்போது எட்டு பேருக்கும் காயம் படும். மறைத்து வைக்க வேண்டியதை ஆட்டத்தை நடத்துபவருக்கு மட்டும் தெரியும் அடுக்கில் வையுங்கள், நகரக் கூடாததை வரைபட அடுக்கில் வையுங்கள். வரைபட அடுக்கில் உள்ளதை ஆட்டக்காரர்களால் தேர்ந்தெடுக்கவே முடியாது. பூட்டுகளிலேயே சிறந்த பூட்டு அதுதான்.

2020-இல் வெளிவந்த ஃபவுண்ட்ரியில் அனுமதி இரண்டு தளங்களில் இருக்கிறது, இரண்டையும் குழப்பிக்கொள்வதுதான் புதியவர்களுக்கு வரும் முதல் சிக்கல். ஒன்று ஆளின் தகுதி: ஆட்டக்காரர், நம்பிக்கைக்குரிய ஆட்டக்காரர், துணை கேம் மாஸ்டர், கேம் மாஸ்டர் (ஆட்டத்தை நடத்துபவர்). இது அவர் பொதுவாக என்னென்ன செய்யலாம் என்பது, கோப்பு ஏற்றலாமா, புதுப் பாத்திரம் உருவாக்கலாமா என்பது போல. மற்றொன்று ஒவ்வொரு பாத்திரத்தின், ஒவ்வொரு குறிப்பின் மேலும் உள்ள உரிமை. அதில் நான்கு நிலை: ஒன்றும் இல்லை, கொஞ்சம் மட்டும், பார்வையாளர், உரிமையாளர். டோக்கனை நகர்த்த உரிமையாளராக இருக்க வேண்டும். பார்வையாளருக்குப் பாத்திரத்தின் தாள் முழுவதும் தெரியும், திருத்த முடியாது, அந்தப் பாத்திரத்தின் கண் வழியாக வரைபடத்தையும் பார்க்கலாம். உங்கள் ஆட்டத்துக்கு என் பரிந்துரை: தன் பாத்திரத்துக்கு உரிமையாளர், கூட்டாளிகளின் பாத்திரத்துக்குப் பார்வையாளர், நட்பான மற்றவர்களுக்குக் கொஞ்சம் மட்டும், எதிரிகளுக்கு ஒன்றும் இல்லை. காயை நகர்த்த வேண்டும் என்பதற்காக யாரையும் துணை கேம் மாஸ்டராக ஆக்காதீர்கள். அந்தத் தகுதி வந்தவுடன் உங்கள் ரகசியம் எல்லாம் அவருக்குத் திறந்துவிடும். வராத ஒருவருக்காக இன்னொருவர் ஆட வேண்டுமென்றால் அந்த ஒரு பாத்திரத்துக்கு மட்டும் இரண்டாவது உரிமையாளராகச் சேருங்கள். அப்புறம், ஆட்டத்தை நிறுத்தி வைக்கும் வசதியைப் பயன்படுத்துங்கள். நிறுத்தி வைத்திருக்கும்போது ஆட்டக்காரர்களால் டோக்கனை நகர்த்த முடியாது. நீங்கள் அறையை விவரித்துக்கொண்டிருக்கும்போது முன்னால் ஓடுபவர்களை அமைதியாக நிறுத்த இதைவிட நல்ல வழி இல்லை. இங்கேயும் தனி நபருக்கு டோக்கனைப் பாத்திரத்தோடு இணைத்தும், கும்பலுக்கு இணைக்காமலும் வையுங்கள். கும்பலின் டோக்கன் படத்துக்குக் கொடுக்கும் கோப்புப் பாதையில் நட்சத்திரக் குறி போட்டு, படத்தை மாற்றி மாற்றி எடுக்கும் தேர்வையும் போட்டால் வைக்கும் ஒவ்வொரு முறையும் வேறு வேறு படம் தானாக வரும், எந்தக் காவலனை அடித்தோம் என்ற குழப்பமும் குறையும்.

ஓல்பேர் ரோடியோ போன்ற எளிய மென்பொருளில் இவ்வளவு அடுக்குகள் கிடையாது. ஆனால் பாத்திரக் காய்களை உரிமையாளர் மட்டும் தொடலாம் என்று ஒரே ஒரு தேர்வு இருக்கிறது. உங்கள் ஆட்டத்தில் சீட்டுகள் இல்லாதிருந்தால் அதுவே போதும் என்று சொல்லியிருப்பேன்.

வாசல் (Vassal) என்ற மென்பொருள் பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் சொந்த ஆட்டம் செய்பவருக்கு அது மிகவும் நேர்மையான கருவி. இலவசம், திறந்த மூலம். ஒவ்வொரு காய்க்கும் பண்புகளை ஒன்றன் பின் ஒன்றாக அடுக்குகிறீர்கள்: பல முகங்கள், திருப்புதல், மறைத்தல், இந்தத் தரப்பு மட்டும் தொடலாம் என்ற கட்டுப்பாடு. எல்லாக் காய்க்கும் பொதுவானதை ஒரு முன்மாதிரியில் எழுதிவிட்டால் ஒரே இடத்தில் மாற்றினால் எல்லாக் காயிலும் மாறும். பண்புகள் எந்த வரிசையில் இருக்கின்றன என்பது முக்கியம். மறைப்பை எங்கே வைக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து எது மறையும், எது மறையாது என்பது மாறும். அதனால் வரிசையை மாற்றி மாற்றிச் சோதித்துப் பாருங்கள். அங்கே அனுமதி தரப்போடு சேர்ந்தது, தரப்பு கடவுச்சொல்லோடு சேர்ந்தது. கடவுச்சொல்லை மாற்றிக்கொண்டு திரும்பி வந்தால் உங்கள் சொந்தக் காய்களே உங்களை வேற்றாளாகப் பார்க்கும். தரப்பை விட்டு விலகும் பொத்தான் இருக்கிறது. இருக்கையை ஒருவருக்குக் கைமாற்றும்போது அதைப் பயன்படுத்தச் சொல்லுங்கள்.

இனி உறுதியாகச் சொல்ல முடிந்ததையும் முடியாததையும் பிரித்துவிடுகிறேன். மேலே சொன்ன அடிப்படைகள், யார் மேல் அனுமதி நிற்கிறது, எந்த நிலை எதைக் கொடுக்கிறது என்பவை, நிலையானவை. பொத்தான் எந்தப் பட்டியலில் இருக்கிறது என்பது பதிப்புக்குப் பதிப்பு இடம் மாறும், அதனால்தான் இடத்தைச் சொல்லாமல் வேலையைச் சொன்னேன். உண்மையிலேயே ஐயத்தோடு அணுக வேண்டியது "மறைத்தல்" என்ற சொல்லைத்தான். மறைத்தல் இரண்டு வகை. ஒன்றில் ரகசியம் மற்றவர் கணினிக்குப் போவதே இல்லை. மற்றதில் தரவு போய்விடுகிறது, திரையில் மட்டும் காட்டப்படுவதில்லை. மேசை விளையாட்டு மென்பொருள்களில் பலவும் பல இடங்களில் இரண்டாவது வகையைத்தான் செய்கின்றன. வாசல் மென்பொருளில் இது வெளிப்படை: ஒவ்வொருவர் கணினியிலும் ஆட்டத்தின் முழு நிலையும் இருக்கிறது. சேமித்த கோப்பு நேராகப் படிக்க முடியாதபடி குழப்பி எழுதப்பட்டிருக்கும், அவ்வளவுதான், அது பூட்டிய பெட்டி அல்ல. உலாவியில் ஓடுபவற்றில் நிரலாளர்களுக்கான கருவிகளைத் திறந்து பார்க்கத் தெரிந்தவருக்கு, திரையில் தெரியாத சில விஷயங்கள் தெரியக்கூடும். நண்பர்களோடு ஆடும்போது இது பொருட்டே இல்லை. பரிசு வைத்துப் போட்டி நடத்துவது என்றால் பெரிய விஷயம். அப்போது மறைக்க வேண்டியதை அந்த நேரம் வரும்வரை மென்பொருளுக்குள்ளேயே கொண்டு வராதீர்கள். உங்கள் குறிப்பேட்டில் இருக்கட்டும், தேவைப்படும் கணத்தில் காயை உள்ளே வையுங்கள்.

அமைப்பால் முடியாத இன்னொன்றும் உண்டு. யார் எதை நகர்த்தினார் என்ற பதிவு சில மென்பொருளில் வரும், சிலவற்றில் வராது. வந்தாலும் அது தெரிந்து செய்ததா, தவறி நடந்ததா என்று சொல்லாது. ஒருவர் மேல் சந்தேகம் வந்தால் அனுமதியை இறுக்கி அதைத் தீர்க்க முயலாதீர்கள், அவரிடமே பேசுங்கள்.

கடைசியாக, சோதிக்காமல் எதையும் நம்பாதீர்கள். நடத்துபவரின் திரையில் எல்லாம் தெரியும் என்பதால், எது மறைந்திருக்கிறது என்று அங்கே இருந்து உங்களால் சொல்லவே முடியாது. உலாவி வகை மென்பொருளில் தனியுரிமைச் சாளரம் ஒன்றைத் திறந்து, சாதாரண ஆட்டக்காரராக இரண்டாவது முறை உள்ளே வாருங்கள். டேபிள்டாப் சிமுலேட்டரில் இருக்கையின் நிறத்தை மாற்றிப் பார்த்தால் மறைப்பு மண்டலமும் கைச்சீட்டும் தெரிகிறதா என்று அறியலாம். அனுமதிப் பட்டியலைச் சோதிக்க அது போதாது, நீங்கள் ஹோஸ்ட் என்பதால் உங்களுக்கு எல்லாம் நடக்கும். அதற்கு நண்பர் ஒருவரைக் கால்மணி நேரம் வரச் சொல்லுங்கள். அவரிடம் விதிகளைச் சொல்லாமல், "எதையெல்லாம் கெடுக்க முடிகிறது பார்" என்று மட்டும் சொல்லுங்கள். அடுத்தவர் காயை இழுக்கட்டும், கவிழ்ந்ததைத் திருப்பட்டும், எல்லாவற்றின் மேலும் சுட்டியை வைத்துப் பெயர் வருகிறதா என்று பார்க்கட்டும், பையையும் கட்டையும் திறந்து தேடட்டும். அவர் கண்டுபிடிப்பதை இரண்டு வரிசையாக எழுதுங்கள்: திரும்ப வைத்துவிடக் கூடியவை, பார்த்துவிட்டால் போனவை. இரண்டாவது வரிசையில் உள்ள ஒவ்வொன்றையும் அடுத்த ஆட்டத்துக்கு முன் சரி செய்யுங்கள். முதல் வரிசையில் பலகையையும் வரைபடத்தையும் பூட்டிவிட்டு மற்றதை அப்படியே விட்டுவிடலாம். எந்த மென்பொருள், எத்தனை பேர், ரகசியம் சீட்டில் மட்டுமா, வரைபடத்திலும் உண்டா என்று எழுதினால் அந்த மென்பொருளுக்கு ஏற்றபடி இன்னும் குறிப்பாகச் சொல்கிறேன். டேபிள்டாப் சிமுலேட்டர் என்றால் நிறத்தைப் பார்த்துக் காயை மறுக்கும் ஸ்கிரிப்டையும் எழுதித் தருகிறேன்.